பள்ளிக்கூடம் தேடிப் போன பாதை

டாலஸிலிருந்து நியூவர்க்குக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரம்தான். ஆனாலும் காரில் கிளம்பினோம். தங்கை மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம் உண்டு. விமான நிலையக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் ஒருமுறை உறுமினால் போதும், காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். காரில் என்றால் அவனுக்கென்று ஒரு ஜன்னல், அவன் தலையணை, அவன் டப்பாவில் தயிர்சாதம், படங்களைத் தொட்டுப் பேச ஒரு டேப்லெட். மாப்பிள்ளைக்கு நியூஜெர்சியில் புது வேலை கிடைத்திருந்தது. வீடு பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் பையனுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாக வேண்டும். திருச்சியிலிருந்து தங்கை வீட்டுக்குப் போயிருந்த நான் பின்சீட்டில் மருமகனுக்குத் துணையாக ஏறிக்கொண்டேன்.

அது ஜூன் முதல் வாரம். டெக்சஸில் மே கடைசியோடு பள்ளிகள் மூடிவிடுகின்றன. நியூஜெர்சியில் ஜூன் மூன்றாம் வாரம் வரை வகுப்பு உண்டு. இந்த இடைவெளியில் போனால்தான் நடக்கிற பள்ளியைக் கண்ணால் பார்க்கலாம் என்பது தங்கையின் கணக்கு.

நம் ஊரில் வீடு ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம். வேன் வைத்தாவது அனுப்பிவிடுவோம். அமெரிக்க அரசுப் பள்ளியில் குடியிருக்கும் முகவரிதான் அட்மிஷன். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் பள்ளி மாவட்டத்துக்குத் தனி எல்லையும் தனி பட்ஜெட்டும் உண்டு. பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு குழு அதை நடத்துகிறது. நாடு முழுக்க இப்படி 13,000-க்கும் மேல். ஹவாய் மாநிலம் முழுவதற்கும் ஒரே மாவட்டம்தான். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே உள்ள நியூஜெர்சியிலோ கிட்டத்தட்ட 600. நகர எல்லையும் பள்ளி எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. டாலஸுக்கு வடக்கே தமிழர்கள் நிறைய வாழும் ஃபிரிஸ்கோ நகரத்துப் பிள்ளைகள் தெருவைப் பொறுத்து நான்கு வெவ்வேறு பள்ளி மாவட்டங்களுக்குப் போகிறார்கள்.

வீடு விற்கும் தளங்களில் ஒவ்வொரு வீட்டுக்குப் பக்கத்திலும் பள்ளிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். அதில் பெரும்பகுதி தேர்வு முடிவுகளை வைத்துப் போட்டது. மாப்பிள்ளை முதலில் அந்த எண்களைத்தான் அட்டவணையாக்கி வைத்திருந்தார். "இது அடுத்த வீட்டுப் பிள்ளைங்க எப்படிப் படிக்குதுங்கறதச் சொல்லுது மச்சான். நம்ம பையனப் பத்தி ஒரு வரியும் இல்ல" என்று அவரே அதை மூடி வைத்தார்.

டெக்சஸை விட்டு வெளியேறவே சுமார் மூன்று மணி நேரம் பிடிக்கிறது. ஐ-30 சாலையில் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ், மவுண்ட் பிளசண்ட் என்று ஊர்கள் போக, தங்கை டெக்சஸ் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். 2004-இல் அந்த மாநிலக் கல்வித் துறை ஓர் இலக்கு வைத்தது: சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 8.5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல மாவட்டம். அப்போது நாட்டுச் சராசரி 13 சதவீதத்தை ஒட்டி இருந்தது. எந்தச் சட்டமன்றமும் போட்ட சட்டமல்ல. கண்காணிப்புப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். மாவட்டங்கள் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கின. 2016-இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் இதை வெளிக்கொண்டுவந்தது. அடுத்த வருடம் அந்த வரி நீங்கியது. 2018-இல் மத்தியக் கல்வித் துறை, டெக்சஸ் சட்டத்தை மீறியிருக்கிறது என்று எழுத்தில் கொடுத்தது. குறைந்த சதவீதம் என்றால் சிக்கல் குறைந்த ஊர் என்று படிக்கிறவர்களுக்கு இது பாடம். கதவு சாத்தியிருந்தாலும் எண்ணிக்கை குறையும்.

டெக்சஸை இதோடு குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தனிக் கல்வித் திட்டத்தை (ஐஇபி) எழுதும்போது பதினொரு விஷயங்களைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தில் விதி உண்டு. தினசரி அட்டவணை, வீட்டிலும் பெற்றோருக்கும் பயிற்சி, பிள்ளைக்கும் ஊழியருக்குமான விகிதம், பேச்சுத் தொடர்பு என்று பட்டியல் போகும். இந்தத் திட்டத்தை எழுதப் பள்ளியும் பெற்றோரும் உட்காரும் கூட்டத்துக்கு அங்கே 'ஆர்ட்' என்று பெயர். மற்ற மாநிலங்களில் ஐஇபி மீட்டிங். விசா கவலையும் வேண்டாம் என்றார் மாப்பிள்ளை. டாலஸுக்குக் கிழக்கே டைலர் என்ற ஊரிலிருந்து போன வழக்கில், குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைக்கும் அரசுப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஐஇபி உரிமை ஒன்றுதான்.

ஆர்கன்சாவில் லிட்டில் ராக் சென்ட்ரல் ஹைஸ்கூல் வாசலில் வண்டியை நிறுத்தினோம். பார்த்தால் பள்ளி என்று தோன்றாது; அரண்மனை முகப்பு. 1957-இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் உள்ளே நுழைய அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. பிரித்து வைத்துச் சமம் என்று சொல்ல முடியாது என்ற 1954-ஆம் வருடத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் ஊனமுற்ற பிள்ளைகளின் பெற்றோரும் நீதிமன்றம் ஏறினார்கள். இன்றும் அது நடக்கிற பள்ளி. எதிரே தேசியப் பூங்காத் துறையின் பார்வையாளர் மையம். மருமகன் படிக்கட்டுகளைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு டேப்லெட்டில் "கார்" என்ற படத்தை விடாமல் அழுத்தினான். வெயிலும் அப்படித்தான் இருந்தது.

மிசிசிப்பியைத் தாண்டி மெம்ஃபிஸ், நாஷ்வில், நாக்ஸ்வில். டென்னஸி அகலத்தில் நீண்டுகொண்டே போகிற மாநிலம். விடுதியில் லிஃப்டுக்குத் தள்ளி அறை கேட்டு வாங்கி, பையன் தூங்கிய பிறகு தங்கை கோப்பை விரித்தாள். ஊர் மாறும் பெற்றோரின் முதல் கேள்வி ஒன்றே: பழைய ஐஇபி புது ஊரில் செல்லுமா? கல்வி ஆண்டின் நடுவே மாறினால், புது மாவட்டம் முதல் நாளிலிருந்தே பழைய திட்டத்துக்கு ஒப்பான சேவைகளைத் தர வேண்டும் என்கிறது ஐடிஇஏ என்ற மத்தியச் சிறப்புக் கல்விச் சட்டம். மாநிலத்துக்குள் மாறினால் அதே திட்டத்தை ஏற்கலாம், அல்லது புதிதாக எழுதலாம். மாநிலம் விட்டு மாநிலம் என்றால், தேவைப்பட்டால் மறுபடி மதிப்பீடு செய்து தங்கள் திட்டத்தை எழுதுவார்கள். இந்த "ஒப்பான" என்பதில்தான் பெற்றோர் மாட்டிக்கொள்வது. வாரம் 120 நிமிடம் ஸ்பீச் தெரபி என்று எழுதியிருந்தால் நிமிடத்தை எண்ணிக் கேட்கலாம். 'தேவைக்கேற்ப உதவி' என்று எழுதியிருந்தால் கேட்பதற்கு எதுவுமில்லை. அதனால் கிளம்பும் முன்பே பழைய பள்ளியில் ஒரு கூட்டம் போடச் சொல்லி, மங்கலாக இருந்த வரிகளையெல்லாம் எண்ணாக மாற்றி வாங்கியிருந்தாள் தங்கை. வேறு எந்த ஆயத்தத்தையும்விட இதுதான் கைகொடுத்தது.

வர்ஜீனியாவில் ஐ-81 மட்டும் 300 மைலுக்கு மேல். வலப்பக்கம் நீல மலைத்தொடர் கூடவே வருகிறது, இடப்பக்கம் லாரிகள். ஷெனண்டோ பள்ளத்தாக்கின் பச்சையைப் பார்த்துக்கொண்டே பையன் நெடுநேரம் அமைதியாக வந்தான். கொலராடோவின் டக்ளஸ் கவுண்டியிலிருந்து போன வழக்கைப் பற்றிப் பேச நேரம் கிடைத்தது. ஆட்டிசம் உள்ள ஒரு பையன். வருடா வருடம் அதே இலக்குகளைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் தனியார் சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிட்டுக் கட்டணத்தைக் கேட்டார்கள். பெயரளவுக்குச் சற்று மேலே முன்னேற்றம் இருந்தால் போதும் என்று மாவட்டம் வாதாடியது. 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மறுத்தது: அந்தப் பிள்ளையின் நிலைக்கேற்ற முன்னேற்றத்தை நோக்கித் திட்டம் அமைய வேண்டும். மாப்பிள்ளை கேட்டார்: "உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சுல்ல, அப்புறம் ஏன் நாம ஊர் ஊரா அலையணும்?" தங்கை முன்சீட்டிலிருந்து திரும்பினாள். "கேஸ் போட்டு ஜெயிக்கறதுக்குள்ள இவன் காலேஜ் வயசுக்கு வந்துடுவான்ங்க."

மேற்கு வர்ஜீனியாவும் மேரிலாந்தும் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துபோகும். மேரிலாந்தின் மான்ட்கமரி கவுண்டி வழக்கு ஒன்றும் இந்தக் கதையில் வருகிறது. பள்ளியோடு தகராறு என்றால் நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு? வழக்கைக் கொண்டுவருகிறவருக்கு என்றது 2005-ஆம் வருடத் தீர்ப்பு. நடைமுறையில் அது பெரும்பாலும் பெற்றோர்தான். நியூஜெர்சி 2008-இல் தனிச் சட்டம் போட்டு அந்தச் சுமையை மறுபடி பள்ளி மாவட்டத்தின் தலையில் வைத்தது. வேலை தேடும்போதே தங்கை அந்த மாநிலத்தைப் பட்டியலின் மேலே வைத்ததற்கு இது ஒரு காரணம்.

பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் தாண்டி ஐ-78-க்குத் திரும்பினோம். மனவயது ஐந்தை எட்டாத பிள்ளையைப் பள்ளி சேர்க்க வேண்டியதில்லை என்று இந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் சட்டமே இருந்தது. பிலடெல்பியாவுக்கு மேற்கே பென்ஹர்ஸ்ட் என்ற அரசு விடுதியில் பிள்ளைகளைக் கொண்டுபோய் அடைத்த காலம் அது. அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் மாநில அரசின் மேலேயே வழக்குத் தொடுத்தது. 1971-72-இல் அரசு இறங்கி வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி தருவதாக ஒப்பந்தம் போட்டது. மூன்று வருடத்தில், 1975-இல், அதுவே நாட்டுக்குச் சட்டமானது. அன்றைக்கு நாட்டில் பத்து லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் பள்ளிக்கு முற்றிலும் வெளியே இருந்தார்கள். 1990-இல் சட்டத்தின் பெயர் ஐடிஇஏ ஆனபோது ஆட்டிசம் தனிப் பிரிவாகச் சேர்ந்தது.

டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நியூஜெர்சி. உள்ளே வர சுங்கம் இல்லை. வெளியே போகத்தான் கட்டணம். பெட்ரோல் பங்கில் இறங்கப் போன மாப்பிள்ளையை ஊழியர் கையமர்த்தினார். இந்த மாநிலத்தில் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. ரூட் 1 சாலையில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலப்பக்கம் கிளைச்சாலை பிடித்துச் சுற்றி வர வேண்டும். பள்ளி எல்லைகளும் அப்படித்தான் சுற்ற வைத்தன. பிரின்ஸ்டன் என்று தபால் முகவரி இருக்கும். வீடு இருப்பது வெஸ்ட் வின்ட்சரிலோ, பிளெய்ன்ஸ்பரோவிலோ, சவுத் பிரன்ஸ்விக்கிலோ. வெஸ்ட் வின்ட்சரும் பிளெய்ன்ஸ்பரோவும் இருப்பது இரண்டு வெவ்வேறு கவுண்டிகளில். பள்ளி மாவட்டம் மட்டும் ஒன்று. வாடகை ஒப்பந்தம் போடும் முன் நகராட்சியின் பெயரையும் பள்ளி மாவட்டத்தின் பெயரையும் தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

ஆட்டிசம் என்றதும் நியூஜெர்சி என்று ஏன் சொல்கிறார்கள்? பெற்றோர் சங்கம் 1965-இலேயே இங்கே தொடங்கிவிட்டது. பிரின்ஸ்டனிலும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலும் 1970-களின் தொடக்கத்திலேயே ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகள் வந்தன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007-இல் வெளியிட்ட முதல் பெரிய கணக்கெடுப்பில், 2002-ஆம் வருட நிலவரப்படி மொத்தச் சராசரி 150 பிள்ளைகளுக்கு ஒருவர், நியூஜெர்சியில் 94-க்கு ஒருவர். 2025-இல் வந்த அறிக்கையில், 2022-ஆம் வருட நிலவரப்படி மொத்தச் சராசரி 31-க்கு ஒருவர். அதே அறிக்கையில் டெக்சஸின் லரேடோவில் 103-க்கு ஒருவர், கலிஃபோர்னியாவில் கணக்கெடுத்த பகுதியில் 19-க்கு ஒருவர். மண்ணிலோ தண்ணீரிலோ காரணம் தேட வேண்டாம். மருத்துவரும் பள்ளியும் தேடிப் பார்க்கும் இடத்தில் பிள்ளைகள் கணக்கில் வருகிறார்கள்.

இங்கே விதியும் கறாரானது. ஆட்டிசம் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். ஆசிரியர் மட்டும் என்றால் மூன்று பிள்ளைகள்; உதவியாளர் ஒருவர் சேர்ந்தால் ஆறு வரை. அந்த உதவியாளரின் சம்பளம் பள்ளியின் பொறுப்பு. சென்னையில் நிழலாசிரியர் வேண்டும் என்று பள்ளி சொன்னால் பெரும்பாலும் பெற்றோர்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

மாவட்ட அலுவலகங்களில் ஏறி இறங்கினோம். பல இடங்களில் ஒரே பதில்: வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி அட்மிஷன் போடுங்கள், பிறகு ஐஇபி பேசலாம். ஒப்பந்தம் போட்ட பின் தெரிந்து என்ன பயன்? இரண்டாவது ஊரில் மட்டும் சிறப்புக் கல்வி இயக்குநர், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு வகுப்பறையைக் காட்டினார். வாசலில் கொக்கிகளில் சத்தம் தடுக்கும் காதுமூடிகள் தொங்கின. ஒவ்வொரு மேசையிலும் அன்றைய நாளைப் படம் படமாக ஒட்டிய பட்டை. கழிப்பறையில் கை துடைக்கக் காகிதத் துண்டு. மருமகன் உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வந்தான். தங்கை கேள்விகளை ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பார்கள்? பஸ்ஸில் யார்? டேப்லெட்டில் பேசச் சொல்லித்தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் பள்ளியின் ஊழியரா, வெளியிலிருந்து வந்து போகிறவரா? கோடையில் எத்தனை வாரம் வகுப்பு? போன வருட ஆசிரியர் இந்த வருடமும் இருக்கிறாரா? பக்கத்து வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு நாளில் எவ்வளவு நேரம் சேர்ந்திருப்பான்?

கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. தனி வகுப்புகளும் தனிப் பள்ளிகளும் நிறைந்த நியூஜெர்சியில், மற்ற பல மாநிலங்களைவிட அதிக விகிதத்தில் பிள்ளைகள் பொது வகுப்பிலிருந்து பிரிக்கப்படுகிறார்கள் என்ற குறை நெடுநாளாக உண்டு. வசதி பெருகினால் அனுப்பிவைக்க இடமும் பெருகிவிடுகிறது. இயன்றவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும் என்பதும் அதே ஐடிஇஏ சட்டத்தில் இருக்கிற விதி.

எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டில் இட்லிக்கு உட்கார்ந்த கடையில், தங்கையின் தோழி மூலம் அறிமுகமான ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். அவர் மகன் இங்கேயே படித்து முடித்தவன். "ரேங்க் பாக்காதீங்கம்மா. வாயால சொன்னதையும் நம்பாதீங்க. சொல்ற டைரக்டர் அடுத்த வருஷம் வேற ஊருக்குப் போயிடுவாங்க, பேப்பர்ல இருக்கறதுதான் நிக்கும்" என்றார். பிறகு குரலை மாற்றாமலே சொன்னார்: "இருபத்தொண்ணு வரைக்கும் ஸ்கூல் பாத்துக்கும். அந்த வருஷம் முடிஞ்சதும் பஸ் வராது. பதினாலு வயசுலேயே அதுக்குப் பிளான் எழுதச் சொல்லிக் கேளுங்க, இங்க ரூல் இருக்கு." தங்கை "சரிங்கக்கா" என்று குறித்துக்கொண்டாள். பெற்றோரின் சிறப்புக் கல்வி ஆலோசனைக் குழு ஒன்று மாவட்டந்தோறும் இருக்க வேண்டும் என்பதும் இந்த மாநிலத்து விதி. அந்தக் குழுவில் யாராவது இரண்டு பேரோடு பேசாமல் ஊரை முடிவு செய்யாதீர்கள் என்றார் அவர்.

அவர் யோசனைப்படி ஒரு ஊரின் பள்ளிக் குழுக் கூட்டத்துக்கு மாலையில் போனோம். யாரும் போய் உட்காரலாம். அஜெண்டாவில் பெயரில்லாமல் மாணவர் எண், அனுப்பும் சிறப்புப் பள்ளி, கட்டணம் என்று வரிசை. சில தொகைகள் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலரை ஒட்டி. பொதுமக்கள் நேரத்தில் ஒரு முதியவர் எழுந்து சொத்து வரி கட்டி மாளவில்லை என்றார். கோபமாகப் பேசவில்லை; வருடா வருடம் எவ்வளவு ஏறியது என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தார். மாநிலத்தில் சராசரி வீட்டுச் சொத்து வரி 2024-இல் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு பள்ளிக்கே. 1975-இல் கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகச் சொன்ன மத்திய அரசு ஒருநாளும் அதை எட்டவில்லை. உரிமையை வாஷிங்டன் எழுதியது. பில் அந்த முதியவரின் வீட்டுக்கு வருகிறது. நல்ல வகுப்பறை என்பது நல்ல வரி வசூலாகும் தெருவில் ஏன் அமைகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. அங்கே வாடகை கொடுக்க முடிகிறவர்கள்தான் எங்களைப் போல ஊர் பார்க்கக் கிளம்புகிறார்கள்.

தங்கை கேட்ட கேள்விகளுக்கு வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே மின்னஞ்சலில் வரிசைப்படி பதில் அனுப்பியது அந்த இரண்டாவது ஊர் மட்டும்தான். மதிப்பெண் பட்டியலில் அது நடுவில் இருந்தது. சில பதில்கள் பிடித்தமானவையும் அல்ல: ஸ்பீச் தெரபிஸ்ட் வெளியாள், கோடை வகுப்பு குறைவு. ஆனாலும் எழுத்தில் இருந்தன. வீடு வாங்கும் யோசனையைத் தள்ளிவைத்து ஒரு வருட வாடகைக்கு மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்றால் நகர்ந்துவிடலாம். வீட்டுக் கடன் நகர விடாது.

அன்றிரவு தங்கை டெக்சஸுக்குப் போன் போட்டாள். அங்கே மருமகன் வகுப்பிலேயே படிக்கும் இன்னொரு தமிழ்ப் பையனின் அம்மா. அவள் கணவருக்கு வேலை மாற வழியில்லை. ஆகஸ்டில் அவர்களுக்கு ஆர்ட் மீட்டிங். சாப்பாட்டு நேரம், பஸ், தெரபி நிமிடங்கள், கோடை வகுப்பு என்று தன் கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னாள். "பதில எழுத்துல கேளு. தேதி போட்டுக் கேளு. அந்தப் பதினொண்ணையும் ஒவ்வொண்ணா வாசிக்கச் சொல்லு" என்றாள். சட்டம் அங்கேயும் அதுதான். கேட்பதற்கு ஊர் மாற வேண்டியதில்லை.